பேரரசுக்கு எதிரே என் மாமி

மைக்குக்கு முன்னால் நிற்கிற ஆள் ஒன்றும் பேசாமல் நின்றால் அதுவும் ஊருக்குக் கேட்கும் என்பதை நாம் எல்லாரும் ஒரே நாளில்தான் தெரிந்துகொண்டோம். அந்த நாளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஓய்வுநாள் பள்ளியில் என்னோடு படித்தவர்கள் நீங்கள். உங்களில் பாதிப்பேர் இப்போது வளைகுடாவில். மீதிப்பேருக்கு என்னைப் போலவே முன்தலையில் முடி கொட்டத் தொடங்கியாயிற்று. இந்த வயதிலேயே கிழவனைப் போலப் பழங்கதை பேசுகிறானே என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் அந்த ஆடி மழையில் நடந்ததை ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள். மேடையில் நின்று வியர்த்தவன் நான். ஒருதடவை நானும் சொல்லிவிடுகிறேன்.

நம் கிளைச்சபை அப்போது ஒரு தகரக்கூரைக் கட்டடம். செங்கல் என்கிற ஊரில் இருந்து கால்வாய்க் கரையோடு உள்ளே நடந்தால், ரப்பர் தோட்டம் முடிகிற இடத்தில் இருந்தது. மழை பிடித்தால் பிரசங்கம் கேட்காது. பேசுகிறவரின் வாய் நின்றதும் ஆமென் சொல்வோம். தாய்ச்சபையோ பாறைக்கு மேலே. வெள்ளைக்காரப் போதகர் கட்டிய கருங்கல் கோயில், கோபுரத்தில் வெண்கல மணி, பக்கத்தில் அவர் வாழ்ந்த பங்களா, அவர் நட்ட மாமரங்கள். ஜீப்பும் ஆட்டோவும் பாறைக்குக் கீழேயே நின்றுவிடும். அதற்குப் பிறகு செங்குத்தான கல்படிகள்தான்.

மணி விஷயத்தை இன்றைக்கு என் ஆபீசில் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். நமக்கு மணி கிடையாது. ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். தாய்ச்சபை மணி கேட்ட பிறகுதான் அதை அடிக்கலாம் என்பது வழக்கம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. நம்மில் ஒருவன், இப்போது துபாயில் கிரேன் ஓட்டுகிறவன், பலாமரத்தில் ஏறிக் காது கொடுப்பான். காற்று மாறி அடித்தால் ஒன்றும் கேட்காது. நம் சபை மூப்பர் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கீழே நிற்பார்.

"எலே, கேட்டியா?"

"இல்ல மூப்பரே."

"கேட்டமாதிரியாவது உண்டா?"

"கேட்டமாதிரி உண்டு."

"அப்பம் இறங்கி அடி."

மணி மட்டும் இல்லை. கல்யாணம் மேலே. ஞானஸ்நானம் மேலே. அறுப்பின் பண்டிகைக்கு நம் வயல் மரச்சீனிக் கிழங்கும் வாழைக்குலையும் மேலே. கர்த்தருடைய பந்தி என்று நாம் சொல்கிற திருவிருந்தும் மேலேதான், மாதத்தின் முதல் ஞாயிறு. நம்மைத் தனிச்சபையாக ஆக்கித் தரவேண்டும் என்று மூப்பர் ஒரு மனு கொடுத்திருந்தார். அதைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் தாய்ச்சபைச் செயலாளர் மலையாளத்தில் ஒரே ஒரு சொல் சொல்வார்: "நோக்காம்." பார்க்கலாம் என்று அர்த்தம். மூப்பர் அதையே வரமாக வாங்கிக்கொண்டு படியிறங்கி வருவார்.

இனி மாமி. அப்பாவின் அக்காவை நாங்கள் மாமி என்போம். கல்யாணமாகிப் போன வீட்டில் மாமா இறந்ததும் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டவள். கால்வாய்த் துறையில் துணி அலசும்போது பாசியில் வழுக்கி இடுப்பு ஒடிந்தது. ஆஸ்பத்திரியில் ஏதோ கம்பி வைத்தார்கள். அதற்குப் பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடப்பாள். எங்கள் முற்றமும் கோயில் முற்றமும் ஒட்டினது, நடுவில் ஒரு மண்சுவர். அதைப் பிடித்தபடி ஞாயிறுதோறும் ஆராதனைக்கு வந்துவிடுவாள். பாறைக்கு மேலே போவதுதான் முடியாது.

ஒருமுறை நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். பாதிப்படியில் ஒருவனுக்குக் கால் இடறி, நாற்காலி சரிந்து, மாமியின் சேலை முழங்காலுக்கு மேல் ஏறிவிட்டது. ஊரே பார்த்தது. மாமி அன்றைக்குத் திருவிருந்து எடுத்தாள். வீட்டுக்கு வந்து, "இனி என்னைச் சக்கைப்பழத்தைச் சுமக்குத மாதிரிச் சுமக்கண்டாம்" என்றாள். அதோடு சரி. முதல் ஞாயிறுகளில் நாங்கள் எல்லாரும் மேலே போய்விட, அவள் மட்டும் வீட்டில் இருப்பாள். திரும்பி வரும்போது என் வாயருகே மூக்கைக் கொண்டுவருவாள், திராட்சரசத்தின் வாசம் இருக்கிறதா என்று. எனக்கு அப்போது திருவிருந்து எடுக்கிற வயதில்லை. "எனக்குத் தரமாட்டாங்க மாமி" என்பேன்.

"எனக்கும் தரமாட்டாங்க. நாம ரெண்டு பேரும் ஒரே கிளாசாக்கும்" என்று சிரிப்பாள். ஒருநாள் சிரிக்காமல் சொன்னாள்: "அந்தத் துண்டு அப்பத்துக்குன்னு ஒரு பசி உண்டு மக்கா. மரச்சீனி தின்னா அது தீராது."

அந்த வருடம் சுதந்திர தினத்துக்கு எல்லாக் கிளைச்சபைப் பிள்ளைகளுக்கும் மேலே விவாதப் போட்டி என்று அறிவித்தார்கள். புதிதாக வந்திருந்த இளம் போதகரின் யோசனை. 'கடலுக்கு அப்பாலிருந்து ஆளும் பேரரசை விட்டு ஒரு குடியேற்ற நாடு பிரிந்து போவது நியாயமா?' என்பது தலைப்பு. அவர் ஒரு நிபந்தனையும் போட்டார். எந்தத் தலைவர் பேரையும் சொல்லக் கூடாது, பாட்டுப் பாடக் கூடாது, கோஷம் போடக் கூடாது. "நியாயம் மட்டும் பேசணும்" என்றார். அதைக் கேட்டதும் நம் செட்டில் பாதிப்பேர் ஓடிவிட்டீர்கள். பேச்சுப்போட்டி என்றால் நமக்குத் தெரிந்ததே தலைவர் பேரும் பாட்டும்தானே.

என்னை ஏன் தள்ளிவிட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். திக்காமல் வேதம் வாசிப்பேன், அவ்வளவுதான் என் தகுதி. எங்கள் குடும்பத்தில் எட்டாம் வகுப்பைப் பார்த்த முதல் ஆள் நான். சீட்டுக் குலுக்கினார்கள். நமக்கு விழுந்தது நாட்டின் பக்கம். பேரரசின் பக்கம் விழுந்தது தாய்ச்சபைக்கு. அவர்களுக்காகப் பேசப்போவது செயலாளரின் மகள். நெய்யாற்றின்கரையில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம், என்னைவிட ஒரு வகுப்பு மேல், தோளில் தொங்கும் தோல்பை.

எனக்கு வரலாற்றுப் பாடத்தில் இருந்ததெல்லாம் தேயிலைப்பெட்டியைக் கடலில் கொட்டிய ஒரு படம்தான். அதனால் கேட்கக் கிடைத்தவர்களை எல்லாம் கேட்டேன். முதலில் அப்பாவை. அவருக்குக் கல் உடைக்கிற பாறைமடையில் வேலை. புருவத்தில் வெள்ளையாகக் கல்பொடி படிந்திருக்க, மரச்சீனியும் சாளைமீன் கறியுமாக உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, வெள்ளைக்காரன் ஆண்டது தப்புதானே?"

"ஆருக்கு?"

"நமக்கு."

"நம்ம குடும்பத்துல பெண்ணாப் பிறந்தவளுக்கு மாருக்கு மேல துணி போட உரிமை இல்லாத காலம் ஒண்ணு உண்டு. அதுக்காவ முதல்ல வாயத் திறந்தது ஆரு? நம்ம ஊரு ராசாவா? கப்பலில வந்தவனாக்கும்."

"அப்பம் நீங்க பேரரசு பக்கமா?"

"நான் சாளை பக்கம். ஆறுததுக்கு முன்ன தின்னு."

சுவரோரம் நின்றிருந்த மாமி சொன்னாள்: "துணி தந்ததுக்கு நன்றி உண்டு தம்பி. அதுக்காவ, உடுத்தவளுக்கு முடிச்சும் அவன்தான் வந்து போடணும்னு உண்டா?"

அப்பா கையை உதறினார். "நீ சும்மா இரி அக்கா. பயலுக்கு எதையாவது சொல்லிக்குடுத்து, மேல போயி அவன் உளறினா, பள்ளிக்கூடத்துச் சீட்டு போவும்."

அவர் சொன்னது எனக்கு அப்போது கோழைத்தனமாகப் பட்டது. நான் படித்தது தாய்ச்சபையின் பள்ளிக்கூடம். சம்பளம் கட்ட வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர் அதே செயலாளர். அப்பா என் படிப்பை ஒரு கண்ணாடிப் பாத்திரத்தைப் போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்தார் என்பது இப்போது தெரிகிறது. அப்போது அந்தக் கைகள் எனக்குத் தெரியவில்லை.

கால்வாய்ப் பாலத்துச் சாயாக்கடைக்காரரிடமும் கேட்டேன். அவர் சபைக்காரர் அல்ல, அம்மன் கோயில் திருவிழாக் கமிட்டிக்காரர். மூன்று மகன்களுக்கும் கல்யாணம் முடித்துத் தனியடுப்பு வைத்துக் கொடுத்தவர். நம் பக்கத்தில் அதை 'வேற வைப்பது' என்போம்.

"பிரியதுன்னா சண்டைன்னு ஆரு சொன்னா? மூணு பயக்களுக்கும் வேற வச்சேன். மூணு அடுப்பு, ஒரே கெணறு. ஒருத்தனும் எனக்கு எதிரி ஆகல்ல" என்று சாயாவை ஆற்றிக்கொண்டே சொன்னவர், உள்ளே எட்டிப்பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மருமவமாரு ஆனாளுக. அது வேற காரியம். அத மைக்குல சொல்லாத."

இப்படிப் பிச்சை எடுத்ததைப் போலச் சேர்த்த நியாயங்களோடு மேலே போனேன். மழை விட்டுவிட்டுப் பெய்தது. மண்டபம் முழுக்க நனைந்த குடைகளின் வாசம். செயலாளர் முன்வரிசையில் இரும்பு நாற்காலியில், வெள்ளைச் சட்டையில். அப்பாவும் மூப்பரும் கடைசியில் தூணோடு தூணாக. மாமி வீட்டில்.

செயலாளரின் மகள் முதலில் பேசினாள். நான் பயந்துபோனேன். காகிதம் இல்லை, தயக்கம் இல்லை. சாலை, பாலம், பள்ளி, சட்டம் என்று அடுக்கினாள். "கொள்ளைக்காரர்கள் வராமல் வாசலில் நிற்பவர் யார்? நடக்கத் தெரியாத குழந்தையின் கையைப் பிடித்திருப்பது அடிமைத்தனமா? பிடித்த கையை உதறிவிட்டு ஓடும் குழந்தை எங்கே போய் விழும்?" என்றாள். கைதட்டல் நிற்கவே இல்லை. எனக்கே அந்தப் பேரரசின் கையைப் பிடித்துக்கொள்ளலாம்போல இருந்தது.

நான் எழுந்தேன். எதை முதலில் சொன்னேன் என்று நினைவில்லை, சொன்னவை மட்டும் நினைவிருக்கிறது. வாசலில் காவல் நிற்கிறார் சரி, வீட்டுச் சாவியை எங்கள் கையில் தரமாட்டேன் என்கிறாரே என்றேன். ஒருநாளும் சைக்கிளில் ஏற்றாமல், உனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது என்று சொன்னால் எப்படி என்றேன். குழந்தை வளர்ந்துவிட்டதா என்று சொல்லவேண்டியது கையைப் பிடித்திருப்பவர்தான் என்றால், அந்தக் குழந்தை ஒருநாளும் வளராது என்றேன். நன்றி உண்டு, அதை நிமிர்ந்து நின்றும் சொல்லலாமே என்றேன். தாயும் பிள்ளையும் என்கிறீர்களே, மகன் தலையெடுத்தால் தாயே முன்னின்று அவனை வேற வைப்பாள், அடுப்பு வேறானாலும் கிணறு ஒன்றுதான் என்றேன். பின்வரிசையில் யாரோ "கொள்ளாம்டே" என்று மெச்சியது கேட்டது. கடைசியாகத் தூரத்தைப் பற்றிச் சொன்னேன். ஊரில் பஞ்சம் என்று எழுதிய மனு கப்பலேறிப் போய், கவனிக்கிறோம் என்ற பதில் கப்பலேறி வரும்போது, எழுதினவன் இருக்க மாட்டான் என்றேன்.

பிறகு ஒருவரை ஒருவர் கேள்வி கேட்கும் சுற்று. அவள் எழுந்தாள்.

"எதிரணி நண்பர் தூரம், தூரம் என்கிறார். தூரத்தில் இருந்தாலும் அன்பு இருந்தால் போதாதா? அன்பாக இருப்பவர்கள், தூரத்தில் இருக்கிற ஒரே காரணத்தால், ஒருவருக்குத் தீங்கு செய்துவிட்டதாக ஒரு உதாரணம் சொல்லுங்கள். கற்பனை வேண்டாம். நடந்தது வேண்டும்."

தேயிலைப்பெட்டியைத் தேடினேன். அது மனதிலிருந்து கடலுக்குள் போய்விட்டது. நடந்தது என்று எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்.

"எனக்க மாமி" என்றேன்.

மண்டபம் சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். புத்தகத் தமிழ் என்னைக் கைவிட்டுவிட்டது. வீட்டுப் பேச்சிலேயே சொல்லிமுடித்தேன்.

"எனக்க மாமிக்கு இடுப்பு ஒடிஞ்சுபோச்சு. இந்தப் படி ஏற முடியாது. இங்க உள்ள ஆருக்கும் அவ மேல வெறுப்பு இல்ல. கிறிஸ்துமசுக்கு கேக்கு குடுத்துவிடுவாங்க. ஆனா பந்தி மேலதான், கீழ உள்ள எங்க கோயில்ல வைக்கக் கூடாதுன்னு உண்டு. எங்க வீட்டுச் சுவரப் பிடிச்சா அவ எங்க கோயிலுக்கு வந்துருவா. இங்க வர முடியாது. அதனால பந்தி எடுத்து வருஷக்கணக்காச்சு. முதல் ஞாயிறு நாங்க வந்ததும் வாயை மோந்து பாப்பா. அன்பு இல்லாததால இல்ல. இங்க இருக்குறவங்களுக்கு அது தெரியாது. தெரியாததுக்குக் காரணம் தூரமாக்கும்."

சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று எனக்குத் தெரியாது. அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். மூடினாள். அப்போதுதான் மைக் வழியாக நாம் அதைக் கேட்டோம். அவள் மூச்சு உள்ளே போய் வெளியே வந்தது. கண்ணாடி வளையல்கள் மேசை விளிம்பில் ஒருமுறை உரசின. ஓட்டில் மழை. அவள் என்னைப் பார்க்கவில்லை. முன்வரிசையைப் பார்த்தாள்.

"அப்பா, அது நெசமா?"

மைக் அதையும் மண்டபம் முழுக்கக் கொண்டுபோனது. இரும்பு நாற்காலி கிறீச்சிட்டது. செயலாளர் தொண்டையைச் செருமி, "அது... நோக்காம்" என்றார்.

அவள் மைக்கின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்: "நான் பேரரசுக்காகப் பேச வந்தேன். இதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. இவங்க சொல்லுததுதான் சரி." போய் உட்கார்ந்துவிட்டாள்.

நான் இப்போது ஒரு வக்கீல் ஆபீசில் குமாஸ்தா. நெய்யாற்றின்கரைக் கோர்ட்டில் தினமும் வாதம் கேட்கிறேன். குரல் உயர்ந்தும் தாழ்ந்தும் மேசை தட்டியும் பேசுகிறவர்களைக் கேட்டிருக்கிறேன். ஒரு நியாயம் எதிரே நிற்கிறவரின் உள்ளே போய், அவர் முகத்தை நம் கண்முன்னே மாற்றுவதை அதற்குப் பிறகு நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கு எனக்கு ஜெயித்தேன் என்று தோன்றவில்லை. பாறையில் ஊற்றுக்கண் திறந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவனைப் போல நின்றேன். தோற்கும்போது ஒரு ஆள் அவ்வளவு உயரமாக முடியும் என்று அதுவரை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

பரிசாக ஒரு எவர்சில்வர் தட்டு கொடுத்தார்கள். அது எங்கே போனதென்று தெரியவில்லை. அப்பா அன்றைக்கு அதை வெளியே தெரியாமல் வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு படியிறங்கினார். குடையை எனக்குப் பிடித்துவிட்டு அவர் நனைந்தார். மூப்பர் வழிநெடுக ஒரே புலம்பல்: "போச்சு. எல்லாம் போச்சு. மனுவை இனி அவங்க அடுப்புல வைப்பாங்க."

ஆகவே நம் பெரியவர்கள் என்ன செய்தார்கள்? மறுநாள் சாயங்காலம் இருப்பதிலேயே பெரிய ஏத்தன்வாழைக் குலையை வெட்டிச் சுமந்துகொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு, செயலாளர் வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போனார்கள். வாதத்தில் ஜெயித்ததற்குக் குலையோடு மன்னிப்புக் கேட்ட சபை உலகத்தில் நம்முடையது ஒன்றுதான் இருக்கும்.

"பயல் தெரியாமப் பேசிட்டான் சாரே" என்றார் மூப்பர். "தனியாப் போவணும்னு எங்களுக்கு ஆசையே இல்ல சாரே" என்றார் அப்பா. அந்தப் பளபளப்பான தரையில் எங்கள் கால்சேறு அச்சுஅச்சாகத் தெரிந்தது.

செயலாளர் என்னைப் பார்த்தார். "இதெல்லாம் ஆரு எழுதித் தந்தது?"

யாரோ பெரியவர்கள் திட்டம்போட்டுப் பிள்ளையை ஏவிவிட்டார்கள் என்று அவர் நினைத்திருந்தார். பாவம், அந்தப் பெரியவர்கள் குலைக்குப் பின்னால் நடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஆரும் எழுதல்ல சார். நீங்க கேள்வி கேட்டீங்க... இல்ல, உங்க மவ கேட்டாங்க. நடந்தது எனக்கு அது ஒண்ணுதான் தெரியும்."

உள்ளறைத் திரையை விலக்கிக்கொண்டு மகள் வந்தாள். "ஜெயிச்சவங்க மன்னிப்புக் கேட்டா, அப்பா, தோத்த நான் இனி என்னத்தக் கேக்க?" என்றாள். செயலாளருக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்து, இரண்டையும் விழுங்கிக்கொண்டார். குலையைத் திரும்ப எடுத்துப்போகச் சொன்னார். "நாளைக்கு அந்த அக்காவ நான் வந்து பாக்குதேன்" என்றார்.

வீட்டில் அதற்குள் வேறொரு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. மாமிக்குச் செய்தி போட்டியன்றே வந்துவிட்டது. "எனக்க இடுப்பை மைக்குல வச்சியாலே?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தவள், அன்று இரவு கஞ்சி குடிக்கவில்லை. நாற்காலி சரிந்த நாளின் வெட்கத்தை நான் மறுபடி எல்லார் முன்னாலும் கொண்டுபோய் வைத்துவிட்டேனோ என்று எனக்கு அழுகை வந்தது. குலையோடு திரும்பி வந்த பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"ஆளுக சிரிச்சாங்களா?"

"முதல்ல சிரிச்சாங்க. பொறவு சிரிக்கல்ல."

"பொறவு?"

"அந்தப் பிள்ளை, எனக்குப் பதில் இல்லன்னு சொல்லிச்சு."

மாமி முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்லச் சொன்னாள். கேட்டு முடித்ததும், "நீ பாதிதான் சொல்லியிருக்க" என்றாள்.

மறுபாதி செயலாளருக்காக வைத்திருந்தாள் என்பது மறுநாள் தெரிந்தது. அவர் ஜீப்பைக் கால்வாய்க் கரையில் நிறுத்திவிட்டுச் சேற்றில் நடந்து வந்தார். அப்பா உட்காரக்கூட இல்லை. மாமி கட்டன்சாயா போடச் சொன்னாள். அவர் நல்ல மனிதர்தான். அதை நான் எங்கேயும் சொல்வேன். "தெரியாமப் போச்சு அக்கா" என்றார். "இனி மாசாமாசம் போதகர் வீட்டுக்கே வந்து உங்களுக்குத் திருவிருந்து தருவார். அது என் பொறுப்பு."

அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். மாமி கும்பிடவில்லை.

"வீட்டுல தனியாத் தந்தா அது மருந்து சாரே. சபையில எல்லாருக்க கூடயும் இருந்து எடுத்தாத்தான் பந்தி."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். மண்டபத்தில் மகளின் முகத்தில் பார்த்ததை இப்போது அப்பன் முகத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தனிச்சபைன்னா லேசு இல்ல அக்கா. போதகரைத் தாங்கணும், கட்டடம் பாக்கணும், வழக்கு வம்பு எல்லாம் நீங்களே தீக்கணும். உங்க ஆளுகளால முடியுமா?"

"முடியாமப் போவலாம். அப்பவும் முடியல்லன்னு நாங்களே சொல்லிக்கிடுவோம். அதும் எங்களுக்கு உள்ளதுதானே."

அவர் நோக்காம் என்று சொல்லவில்லை. இன்னொரு சாயா கேட்டார்.

கமிட்டியில் அந்த மனுவை எடுத்துப் பேசியது அவரேதான். யார் யார் எதிர்த்தார்கள், என்ன சத்தம் நடந்தது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அடுத்த வருட ஓணத்துக்கு முன்னால் நாம் தனிச்சபை. முதல் கமிட்டிக் கூட்டத்திலேயே மின்விசிறியை எந்தப் பக்கம் மாட்டுவது என்று அடிபிடி. மூப்பர் இரண்டு வாரத்தில் செயலாளரைப் போலவே "நோக்காம்" சொல்லப் பழகிக்கொண்டார். சுதந்திரம் வந்த நாடுகளைப் பற்றிப் பேப்பரில் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மின்விசிறிதான் ஞாபகம் வரும். ஆனால் அந்த முதல் ஞாயிறை நாம் எல்லாரும் பார்த்தோம். அதைப் பார்த்தவனுக்கு மின்விசிறி ஒரு குறையில்லை.

பெஞ்சு வாங்க வழியில்லாததால் எல்லாரும் தரையில் உட்கார்ந்திருந்தோம். மேசையில் வெள்ளைத்துணி, தட்டில் அப்பம், கிண்ணத்தில் ரசம். மாமி எப்போதும்போல வாசல்பக்கச் சுவரில் சாய்ந்து நின்றாள். மூத்தவர்கள் முதலில் வரலாம் என்று போதகர் அழைத்தார். உடனே நாலு பேர் நாற்காலியோடு எழுந்தார்கள்.

"தொடண்டாம். நான் வாறேன்" என்றாள் மாமி.

சுவர் வாசலோடு முடிந்துவிட்டது. அங்கிருந்து மேசைவரைக்கும் பிடிக்க ஒன்றும் இல்லை. அவள் ஒரு கணம் பார்த்தாள். பிறகு, கீழே உட்கார்ந்திருந்த சாக்குவியாபாரி ஒருவரின் தோளில் கையை ஊன்றினாள். ஒரு அடி. அடுத்த தோள். அதற்கு அடுத்தது. இடைவெளி இருந்த இடங்களில் ஆட்கள் உட்கார்ந்தபடியே நகர்ந்து நெருங்குவது தெரிந்தது. ஆணும் பெண்ணுமாக மேசைவரைக்கும் தோள்களால் ஒரு வரிசை உண்டானது. அவள் கை என் தோளிலும் வந்தது. அவ்வளவு பாரத்தை நான் எதிர்பார்க்கவில்லை. என் எலும்பு தாங்குமா என்று நினைப்பதற்குள் அது அடுத்த தோளுக்குப் போய்விட்டது.

மேசைக்குப் பக்கத்துத் தோள், விருந்தாளியாக வந்திருந்த செயலாளருடையது. மாமி நெருங்கியதும் மரியாதைக்காக அவர் எழப்போனார்.

"இரிங்க சாரே. நீங்க எழும்பினா நான் எதப் பிடிக்க?"

அவர் அப்படியே உட்கார்ந்து தலை குனிந்துகொண்டார். இஸ்திரிபோட்ட அந்த வெள்ளைச் சட்டை மாமியின் உள்ளங்கைக்குள் கசங்கியது. அவள் நிமிர்ந்து நின்று இன்னொரு கையை நீட்டினாள். அப்பத்தை வாங்கினாள். கிண்ணத்திலிருந்து குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு, அவசரமே இல்லாமல் மென்றாள்.

போதகர் அடுத்தவர்களை அழைத்தார். யாரும் எழவில்லை. மறுபடி அழைத்தார். யாரும் அசையவில்லை. மாமி திரும்பிப் போகவேண்டுமே.